ஏழாம் நம்பர் கல்

நான் முனைவர் பட்டம் வாங்கியது ஓடைத் தண்ணீரில் வளரும் சிவப்புப் பாசியில். இதை யாரிடம் சொன்னாலும் முதலில் ஒரு சிரிப்பு, அப்புறம் ஒரு கேள்வி. "பாசி பச்சையாத்தானே இருக்கும்?" கடலில் சிவப்பாக இருக்கிற அந்தக் குடும்பத்துக்கு ஓடைகளிலும் சொந்தக்காரர்கள் உண்டு, ஆனால் இங்கே அவர்கள் சிவப்பாக இருக்க மாட்டார்கள், கறுப்பாகவோ சாம்பலாகவோ நீலமாகவோ இருப்பார்கள் என்று நான் விளக்க ஆரம்பிப்பதற்குள் கேட்டவருக்கு பஸ் வந்துவிடும். வராவிட்டால் நான் விடமாட்டேன். கண்டுபிடித்த கதையை முழுசாகச் சொல்வேன். கல்யாண வீட்டில், ரேஷன் கடை வரிசையில், எங்கெல்லாமோ சொல்லியிருக்கிறேன். சொன்ன கதையில் பாதி பொய். அந்தப் பாதியை இங்கே எழுதப்போகிறேன். எழுதுவதற்கே கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் செஞ்சி. பக்கத்து ஊர்க் கல்லூரி ஒன்றில் தாவரவியல் சொல்லிக்கொடுத்தபடியே பகுதிநேர ஆராய்ச்சிக்குப் பதிவு செய்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. பாசி ஆராய்ச்சி என்றால் எல்லோரும் மேற்குத் தொடர்ச்சி மலைக்குத்தான் ஓடுவார்கள். "உங்க ஊர்ப் பக்கம் எவனும் பாத்ததில்லை, நீ பாரேன்" என்றார் என் நெறியாளர். எனக்கு உள்ளுக்குள் எரிச்சல். சித்திரையில் செருப்பில்லாமல் கால் வைக்க முடியாத பாறை, அதில் என்ன பெரிய பாசி முளைத்துவிடப்போகிறது? ஆனால் ஐப்பசி மழை நன்றாகப் பிடித்துவிட்டால் பாறை இடுக்குகளிலிருந்து மூன்று நான்கு மாதத்துக்குத் தண்ணீர் வடிந்துகொண்டே இருக்கும். பக்கத்துச் சிங்கவரம் மலைக்குப் பின்னால் அப்படி ஒரு ஓடை. மேலே புங்க மரங்கள் மூடிக்கொண்டிருப்பதால் நண்பகலிலும் தண்ணீர் சில்லென்று இருக்கும். ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு இறங்கிய முதல் வாரமே, இடுப்பளவு உயரமுள்ள ஒரு தட்டைக் கல்லின் பக்கவாட்டில், தண்ணீர் மோதி ஓடுகிற இடத்தில், கரும்பழுப்பாக ஏதோ அலைவதைப் பார்த்தேன். தொட்டேன், வழுக்கியது. லென்ஸை வைத்துப் பார்த்தேன். முடி மாதிரி இருந்த ஒவ்வொரு இழையும் பாசிமணி கோத்த சரமாக இருந்தது. புத்தகத்தில் இருபது வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்த படம்! பாட்ராகோஸ்பெர்மம். தவளை விதை என்று அர்த்தம், தவளை முட்டைச் சரம் போல இருப்பதால். நான் கத்தியே விட்டேன்.

கத்தல் கேட்டு வரப்பில் ஒருவர் வேகமாக வந்தார். ஐம்பது ஐம்பத்திரண்டு வயதிருக்கும். வலது முட்டியை மடக்காமல் விறைப்பாக வீசி வீசி நடந்தார், கையில் ஒரு கழி.

"இன்னாம்மா, பாம்பா?"

"இல்லக்கா. பாசி."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "பாசிக்கா இந்தக் கத்து கத்துன?"

அக்காவுக்கு ஓடைக்குக் கீழே முக்கால் காணி நெல் இருந்தது. வீட்டுக் குழாய்த் தண்ணீர் உப்பு, சோப்பு நுரைக்காது என்பதால் ஓடை ஓடுகிற மாதமெல்லாம் துணியை இங்கேதான் கொண்டுவந்து துவைப்பார். அதுவும் அந்தத் தட்டைக் கல்லில்தான். மற்ற கற்களில் துவைக்க வேண்டுமானால் குந்த வேண்டும். அவருக்கு முட்டி மடங்காது. இந்தக் கல் ஒன்றுதான் நின்றபடியே அடித்துத் துவைக்கிற உயரம். இதையெல்லாம் அவராகவே அன்றைக்குச் சொன்னார். நான் கேட்டுக்கொண்டேன், மனதில் வாங்கிக்கொள்ளவில்லை.

அடுத்த ஞாயிறு வெள்ளை எனாமல் பெயிண்ட் வாங்கிக்கொண்டு போய்ப் பன்னிரண்டு கற்களுக்கு நம்பர் போட்டேன். பாசி ஆராய்ச்சியில் இது வழக்கம். எந்தக் கல், எவ்வளவு ஆழம், உயிரோடு இருக்கும்போது என்ன நிறம் என்று வாராவாரம் எழுத வேண்டும். கெடாமல் வைக்க ஃபார்மலினில் போட்டால் நிறம் போய்விடும், பிறகு எழுதினால் பொய்யாகிவிடும். அக்காவின் கல்லுக்கு ஏழு வந்தது.

"அக்கா, இந்தக் கல்லுல துவைக்காதீங்க. சோப்புத் தண்ணி பட்டா இது செத்துடும். நான் சொல்ற வரைக்கும் யாரும் தொடக் கூடாது."

கல்லைப் பார்த்தார். தன் முட்டியைப் பார்த்தார். "படிப்புக்கா?"

"ஆமாக்கா. பெரிய படிப்பு."

"அப்ப செரி. பம்ப்செட்டாண்ட போய் துவைச்சிக்கிறேன். தொட்டி ஒசரமாத்தான் இருக்குது. நீ சொல்ற வரைக்கும் கை வைக்க மாட்டேன்."

"முடிஞ்சதும் நானே வந்து சொல்றேன்க்கா."

பம்ப்செட் நாலு கழனி தாண்டி. ஈரத் துணியோடு வழுக்கு வரப்பில் போய்வர வேண்டும். அது எனக்குத் தெரியும். ஒரு நன்றிகூடச் சொன்னதாக ஞாபகம் இல்லை.

அந்தக் கார்த்திகையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஓடையில் இரண்டு விதம் இருந்தது. ஒன்று இந்த மணிச்சரம். இன்னொன்று, கல்லோடு ஒட்டினாற்போல நீலமாக ஒரு பூச்சு, பழைய பித்தளைப் பாத்திரத்தில் களிம்பு பிடித்த மாதிரி. அதைச் சுரண்டி மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் கிளைவிட்ட எளிய நூல்கள், மணியும் இல்லை சரமும் இல்லை. இந்தப் பாசிகளுக்குப் பெயர் வைக்க வேண்டுமானால் பெண் உறுப்பைத் தேடிப் பிடிக்க வேண்டும். அதன் நுனியின் வடிவம், அதைத் தாங்கும் கிளை நேரா வளைந்ததா, வித்துக்கள் திரண்ட உருண்டை எங்கே இருக்கிறது, இவைதான் ஜாதகம். நீலத்தில் எவ்வளவு தேடியும் அப்படி ஒன்றும் கிடைக்கவில்லை. எந்த வர்ணனையோடும் அது ஒத்துப்போகவும் இல்லை. நெறியாளரிடம் சொன்னேன். "புது இனமாக்கூட இருக்கலாம், விடாதே" என்றார்.

அவ்வளவுதான், எனக்கு மண்டைக்கனம் ஏறிவிட்டது. தன் பெயரைத் தானே வைத்துக்கொள்வது இந்தத் துறையில் மரியாதை இல்லை என்பதால் ஊர்ப் பெயரை வைப்பதென்று முடிவு செய்தேன். அந்த லத்தீன் பெயரை ஸ்கூட்டி ஓட்டிக்கொண்டே சத்தமாகச் சொல்லிப் பார்ப்பேன். ஒரு கருத்தரங்கில் நீலத்தைத் தனி இனம் என்று பேசிக் கைத்தட்டலும் வாங்கினேன். கட்டுரை எழுதி ஒரு இதழுக்கும் அனுப்பியாயிற்று.

மார்கழியில் ஒருநாள் மதியம் ஆசிரியர்கள் அறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அக்காவிடமிருந்து போன். முதல் வாரமே என் நம்பரை வாங்கி வைத்திருந்தார். கையெல்லாம் சாம்பார் சாதம், அதனால் ஸ்பீக்கரில் போட்டேன்.

"டீச்சரம்மா, ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காத. அந்த நீலமா இருக்குதே, அதுலேர்ந்துதான் இந்த முடி வருது. ஏழாம் நம்பர்ல தெனம் பாத்துனு வரேன். போன வாரம் வெறும் நீலம். இப்ப அது மேலயே பொடிசு பொடிசா முளைச்சிருக்குது. ரெண்டும் ஒண்ணுதாம்மா."

அறையில் ஐந்தாறு பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். எனக்குச் சுருக்கென்றது.

"அக்கா, அது வேற, இது வேற. மைக்ரோஸ்கோப்ல பாத்தவ நான்."

"நாத்து வேற, கதிரு வேறன்னா சொல்லுவாங்க? சின்னதுல ஒரு மாதிரி, பெருசானா ஒரு மாதிரி..."

"நீங்க நெல்லைப் பாருங்கக்கா, பாசியை நான் பாத்துக்கிறேன்!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். பிறகு, "செரிம்மா. பாத்ததைச் சொன்னேன்" என்று சொல்லிவிட்டு அக்கா வைத்துவிட்டார். என் குறிப்பேட்டில் பென்சிலால் எழுதினேன்: "கல் 7. அக்கா போன். நீலத்துல இருந்து முடி முளைக்குதாம்!!" இரண்டு ஆச்சரியக்குறி, கேலிக்கு.

உண்மையில் நான் அந்தக் கல்லைப் பார்த்து மூன்று வாரம் ஆகியிருந்தது. இரண்டு ஞாயிறு திண்டிவனத்தில் கல்யாணம், ஒரு ஞாயிறு சோம்பல். அடுத்த ஞாயிறு போனேன். போனவள் குனிந்து ஒரு நிமிஷம் பார்த்திருக்கலாம். வீம்பு. இந்த அம்மா சொல்லி நான் பார்க்கிறதா? கத்தியை எடுத்து ஏழாம் நம்பரில் இருந்ததையெல்லாம், நீலம் முடி எல்லாவற்றையும் சேர்த்து, புது இனத்துக்கு மாதிரி வேண்டுமே என்று வழித்து ஒரே பாட்டிலில் போட்டேன். அக்கா களை பறித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து கையை ஆட்டினார். நான் பாட்டிலுக்கு லேபிள் ஒட்டுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

பங்குனியில் கட்டுரை திரும்பி வந்தது. படித்துப் பார்த்த நிபுணர் யாரோ, பெயர் தெரியாது, மிகவும் தன்மையாக எழுதியிருந்தார். இந்த நீலப் பூச்சுக்கள் பெரும்பாலும் மணிச்சரப் பாசியின் இளம்பருவமாகத்தான் இருக்கும், இதைத் தனி இனம் என்று நினைத்துப் பெயர் வைத்துப் பலர் ஏமாந்திருக்கிறார்கள், ஒரே கல்லைத் தொடர்ந்து கவனித்தீர்களா? எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. இது எனக்குத் தெரியாத விஷயமா? பாடப்புத்தகத்தில் இருக்கிறது. நானே கோடு போட்டு வைத்திருக்கிறேன். எம்.எஸ்ஸி. வகுப்பில் நானே நடத்தியிருக்கிறேன், தேர்வில் ஐந்து மார்க் கேள்வியாகக் கேட்டிருக்கிறேன். பேராசை வந்தால் படித்தது எங்கே போகிறதோ!

ஏழாம் நம்பர் பாட்டிலை எடுத்தேன். ஃபார்மலினில் நீலமெல்லாம் போய் எல்லாம் ஒரே வெளிறலாக இருந்தது. ஸ்லைடு மேல் ஸ்லைடாகப் பார்த்தேன். நாலாவதில் அகப்பட்டது. எளிய நூல் ஒன்றின் பக்கத்திலிருந்து, அதிலிருந்தேதான், குட்டியாக ஒரு மணிச்சரம் கிளம்பியிருந்தது. நான்கைந்து மணிகள்தான். நாத்து, கதிரு. அக்காவின் குரல் அப்படியே காதில் கேட்டது. வெறுங்கண்ணால், களை பறிக்கிற இடைவெளியில் வந்து பார்த்துவிட்டுச் சொன்ன மனுஷி.

அன்றைக்கே போன் போட்டிருக்க வேண்டும். நெறியாளருக்குத்தான் போட்டேன்.

"மைக்ரோஸ்கோப் போட்டோ அருமை" என்றார். "ஆனா களத்துல பாத்த ஆதாரமும் வேணும். அந்தக் கல்லுல நீலத்துல இருந்து இது முளைச்சதை நீயே கண்ணால பாத்தியா?"

"பாத்தேன் சார்."

தடங்கலே இல்லாமல் வந்தது. அந்த ஒரு வார்த்தையில் என் ஆராய்ச்சி தப்பித்தது. கட்டுரை மாறியது, தலைப்பு மாறியது, புது இனத்துக்குப் பதில் வாழ்க்கைச் சுழற்சி என்று ஆனது, முன்னைவிட நன்றாகவே வந்தது. ஆய்வேட்டில் அந்த வரி இன்றும் இருக்கிறது: "இளம்பருவத்திலிருந்து முதிர்பருவம் தோன்றுவது ஏழாம் எண் கல்லில் ஆய்வாளரால் நேரடியாகக் கவனிக்கப்பட்டது." குறிப்பேட்டில் இருந்த பென்சில் வரியை ரப்பரால் அழித்தேன். தாள் அந்த இடத்தில் மெலிந்துபோய் ஆச்சரியக்குறிகளின் அழுத்தம் இன்னும் தெரிகிறது.

நன்றியுரை இரண்டு பக்கம். நெறியாளர், முதல்வர், வீட்டுக்காரர், மாமியார், மைக்ரோஸ்கோப் பழுதுபார்த்தவர், பைண்டிங் கடைக்காரர்வரை எழுதினேன். அக்காவின் பெயர் இல்லை. மறந்துவிட்டேன் என்று சொன்னால் அது இன்னொரு பொய். அவர் பெயரை எழுதினால் எதற்கு என்றும் எழுத வேண்டியிருக்கும்.

அவரிடம் போய்ச் சொல்கிறேன் என்ற வாக்கை மட்டும் நிஜமாகவே மறந்தேன். மறந்தது எவ்வளவு சுத்தமாக என்றால், அடுத்த ஐப்பசியில் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் அவரே எதிரில் வந்து நின்று, "டீச்சரம்மா, இன்னும் கல்லு மேல கை வைக்கக் கூடாதா?" என்று கேட்டபோதுகூட எனக்கு உறைக்கவில்லை. காதில் போன், மறுமுனையில் யாரோ முக்கியமானவர். "அப்புறம் கூப்பிடுறேன்க்கா" என்று சைகை காட்டிவிட்டு நகர்ந்தேன். கூப்பிடவில்லை.

பட்டம் வந்தது. வீட்டுக் கதவில் பெயர்ப்பலகை மாறியது. போன மாதம், அதாவது நான் நம்பர் போட்டதிலிருந்து மூன்றாவது மழைக்காலத்தில், எம்.எஸ்ஸி. மாணவிகளைக் கல்லூரி வேனில் ஏற்றிக்கொண்டு அதே ஓடைக்குப் போனேன். ஏழாம் நம்பர் கல்லைச் சுற்றி நிற்க வைத்தேன். பெயிண்ட் பொருக்காக உரிந்திருந்தாலும் நம்பர் தெளிவாக இருந்தது. அதற்கு மேலே யாரோ மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்திருந்தார்கள். கல்லின் பக்கவாட்டில் நீலமும் மணிச்சரமும் செழித்துக் கிடந்தன. மற்றப் பதினோரு கற்களில் பேருக்குத்தான் இருந்தது. "இந்தக் கல்லுலதான் நான் முதன்முதலா கண்ணால பாத்தேன்" என்று ஆரம்பித்தேன். இந்த இடத்தில் எப்போதும் குரலைக் கொஞ்சம் தாழ்த்துவது என் பழக்கம்.

வரப்பில் அக்கா வந்துகொண்டிருந்தார். இடுப்பில் அன்னக்கூடை நிறைய துணி. கழி ஊன்றி, காலை வீசி வீசி. முட்டி முன்னைவிட மோசமாகியிருந்தது. கல்லுக்கு இரண்டடி தள்ளியே ஒதுங்கி நடந்தார்.

"அட, டீச்சரம்மா! வந்துட்டியா!"

"எங்கக்கா போறீங்க, துணியோட?"

கேட்ட நொடியிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

"பம்ப்செட்டாண்டதான். நீ இன்னும் சொல்லலியே?" என்றார், சாதாரணமாக. கல்லைக் காட்டிச் சிரித்தார். "நம்பரு போட்டா எவ மதிக்கிறா? அதான் மஞ்ச தடவி உட்டேன். ஒருத்தி கிட்ட வரல. இப்ப கர்ப்பூரம்கூட ஏத்துறாளுங்க!"

பெண்கள் சிரித்தார்கள். ஒருத்தி என் காதருகே வந்து, "யாரு மேம் இவங்க?" என்றாள்.

"இந்த ஊர்க்காரங்க" என்றேன்.

அக்காவுக்கும் கேட்டிருக்கும். கூடையை இறக்கி வைத்து இடது மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டார். அது கோணலாக இருந்தது. "போன மார்கழி வரப்புல சறுக்கி உழுந்தேன். கட்டு கட்டியும் நேரா சேரல" என்றார், நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு. "படிப்பு முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதுக்கா."

"எப்போ?"

போன வருஷமே என்று சொல்ல வேண்டும். பதினாறு மாணவிகள் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறார்கள்.

"இப்பதான்க்கா. போன வாரம்."

"நல்லா இரு. நல்லா இரு" என்று என் கன்னத்தை வழித்துத் தன் நெற்றிப்பொட்டில் சொடுக்கினார். விரல் சோப்பு வாசனை அடித்தது. பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, மாணவிகளுக்குக் கேட்கக் கூடாது என்பது போல, சொன்னார். "அன்னிக்கு போன்ல தெரியாம உளறிட்டேன்மா. நாத்து கதிருன்னு. படிச்சவங்க நடுவுல உனக்கு அசிங்கமாப் போயிருக்கும். மனசுல வெச்சிக்காத."

அந்த இடத்திலேயே நான் சொல்லியிருக்கலாம். நீங்க சொன்னதுதான்க்கா சரி, உங்க கண்ணை வெச்சுத்தான் நான் பட்டம் வாங்கினேன் என்று. இரண்டே வாக்கியம். "அதெல்லாம் ஒண்ணும் இல்லக்கா" என்றேன். நான் மன்னித்துவிட்டேன் என்று அவர் எடுத்துக்கொண்டார். முகம் தெளிந்துவிட்டது. அந்த முகத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் எங்கேயாவது போய் முட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

"அப்ப இங்கயே துவைக்கலாமா?"

"தாராளமா துவைங்கக்கா."

ஒரு காவி வேட்டியை எடுத்துக் கல் மேல் போட்டார். திருப்பிப் பார்த்தார். பெயிண்ட் பொருக்கு நாலைந்து இடத்தில் ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினார். "இது இன்னாம்மா, துணியெல்லாம் ஒட்டுது?"

"தின்னர் போட்டுத் தேய்ச்சா போயிடும்க்கா. நானே கொண்டாந்து எடுத்துடுறேன்."

"செரி. நீயே வந்து எடுத்துடு. அதுவரைக்கும் நான் அங்கயே துவைச்சிக்கிறேன், ஒண்ணும் அவசரமில்ல."

வேட்டியை உதறிக் கூடையில் போட்டு, கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வரப்பில் நடந்தார்.

மறுநாளே செஞ்சிக் கடைத்தெருவில் ஒரு லிட்டர் தின்னரும் ஒரு இரும்புப் பிரஷும் வாங்கினேன். பெயிண்டைச் சுரண்ட அரைமணி நேரம் போதும். ஆனால் போனால் அவர் வந்து பக்கத்தில் நிற்பார். சுற்றிலும் மாணவிகள் இருக்க மாட்டார்கள். சொல்லாமல் திரும்ப முடியாது. மூன்று ஞாயிறு போய்விட்டது. ஓடையில் இன்னும் தண்ணீர் ஓடுகிறது, தின்னர் பாட்டில் ஸ்கூட்டி சீட்டுக்கு அடியில் இருக்கிறது, அக்கா பம்ப்செட்டில்தான் துவைத்துக்கொண்டிருப்பார்.